மலைத் தலைவரின் ஓட்டு

தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதற்குத் தண்டனையாக, வெள்ளைக்காரர் ஆட்சியில் நடந்த ஒரு சட்டசபைத் தேர்தலின்போது போடியில் ஒரு பள்ளிக்கூடத்தை ஓட்டுச்சாவடியாக்கி, என்னை அதிகாரியாக உட்கார வைத்தார்கள். மேசைக்கு ஒரு கால் குட்டை. மறைப்புத் துணி மட்டும் விதிப்படி ஆறடி உயரம்.

குரங்கணிக்கு மேலே வசித்த மலைக்குடிகளின் தலைவருக்கு அடிவாரத்தில் பட்டா நிலம் இருந்தது. நிலம் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு என்ற காலம்; அதனால் ஓட்டும் இருந்தது. அவருடைய கூட்டத்தில் வேறு எவருக்கும் இல்லை. வேட்பாளர்கள் இருவர். அவர்களில் ஒருவருடைய ஆள், "மலை பூரா நம்ம பக்கம், தலைவரு வாக்குக் குடுத்துட்டாரு" என்று ஒரு வாரமாகக் கடைத்தெருவில் சொல்லித் திரிந்தான்.

தலைவர் பதினோரு பேரோடு வந்தார். ஓட்டு உள்ளவர் மட்டும் உள்ளே வரலாம் என்றேன். மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"வெரசாப் போங்க மூப்பரே, சோலிய முடிச்சுட்டு மலையேறலாம்" என்றான் அந்த வேட்பாளரின் ஆள்.

வாசலில் நின்றவர்களில் ஒரு கிழவர் தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "நீரு வாக்குக் குடுத்ததா ஊரே சொல்லுது. எங்கள ஒரு வார்த்த கேக்கலியே."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டீகளா சாமி? அந்தத் துணிக்குப் பின்னால நான் ஒத்தையில போனா, வெல பேசிட்டேன்னு முடிவு கட்டிருவாக. அப்புறம் நான் தலைவன் இல்ல."

"வெளியே கூடிப் பேசி முடிவு செய்துகொண்டு வாங்களேன்."

"நேத்துப் பூரா பேசினோம். நிக்கிற ரெண்டு பேரையும் எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல."

"பிறகு எதற்குத்தான் வந்தீர்கள்?"

"வராம இருந்தா, இந்தாளு சொன்னது நெசம்னு ஆயிருமே."

விதி நூலில் இதற்குப் பதில் இல்லை. ஓட்டுச் சீட்டைக் கொடுத்தேன். அவர் மறைப்புப் பக்கமே போகவில்லை. சீட்டின் இரண்டு பக்கத்தையும் வாசலை நோக்கித் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்கிட்டீகளா? ஒண்ணும் போடல."

கிழவர் தலையசைத்தார். தலைவர் சீட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார். கிழவர் ஒதுங்கி அவரை முன்னால் விட, பதினோரு பேரும் பின்னால் நடந்தார்கள்.

எனக்குத்தான் விடிவில்லை. வந்தவர், ஆனால் ஓட்டுப் போடாதவர் என்று எழுதப் படிவத்தில் இடம் கிடையாது. மேலிடத்திலிருந்து மூன்று முறை விளக்கம் கேட்டார்கள். கடைசியில், அன்று என் கைக்கு வந்தவற்றிலேயே மிகச் சுத்தமாக இருந்த அந்தச் சீட்டை 'கெட்டுப்போனவை' என்ற தலைப்பின்கீழ் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.