ஜமீலா ஜவுளி இருந்த இடம்

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். கையில் போன். கூடவே கல்யாணம் நிச்சயமான மகள்.

"ஜமீலா ஜவுளி எங்கங்க? மேப்பு இங்கதான்னு காட்டுது. காலைலேர்ந்து சுத்திக்கினு இருக்கோம்."

காட்டத்தான் செய்தது. ஆனால் எதிரே இருந்தது வெறும் ரோடு. அகலப்படுத்தியபோது கடை போய்விட்டது என்றேன்.

"வெள்ளிமலைலேர்ந்து வர்றோம்ங்க. அந்தக் கடைக்காரம்மா நாயமா குடுப்பாங்கன்னு எங்க அண்ணி சொன்னாங்க..."

அந்தக் கடைக்காரம்மாவும் இப்போது இல்லை. அதை எப்படிச் சொல்வது? வேறு கடையைக் காட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காலிப் பையோடு கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் ரஹீம் பாய் வீட்டுக்குப் போனேன். ஜமீலாவின் கணவர், என் நெடுநாள் சிநேகிதர். என் வாய் சும்மா இருக்குமா? நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் மகள் பர்வீனின் முகம் வாடிவிட்டது.

பர்வீன் வீட்டிலிருந்தே ஒரு டிஜிட்டல் மேப் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். எங்கள் ஊர் அவள் பொறுப்பு. முன்பெல்லாம் ஊர் மேப் தனி, தெரு மேப் தனி. ஒன்றில் திருத்தினால் இன்னொன்றில் பழசு அப்படியே கிடக்கும். இப்போது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே டேட்டாபேஸ். அங்கே திருத்தினால் போதும் — கிட்டத்தில் பார்த்தாலும் தூரத்தில் பார்த்தாலும் எல்லாம் மாறிவிடும். நல்ல ஏற்பாடுதான், இல்லையா?

"நான்தான் கடைப் பேர மேப்லேர்ந்து எடுக்காம வச்சிருந்தேன் மாமா. அத்தா தெனம் பெருசு பண்ணி அம்மா பேரப் பாத்துக்கினு இருப்பாரு..."

பாய், "எடுத்துடும்மா" என்றார்.

"முன்ன மாதிரின்னா ஒரு மேப்லயாச்சும் மிஞ்சும் அத்தா. இதுல எடுத்தா எல்லாத்துலயும் போய்டும்."

"போவட்டும். கடைக்கு வந்தவங்கள உங்கம்மா வெறுங்கையோட அனுப்புனதே இல்ல."

மேப்பில் தப்பு இருந்தால் எத்தனை திட்டு திட்டுகிறோம்... அந்தத் தப்புக்குள் ஒருவர் தன் மனைவியை வைத்திருக்கலாம் என்று யார் நினைத்தோம்?

பர்வீன் அழுதுகொண்டேதான் அதை எடுத்தாள்.

மறுநாள் போனபோது பாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு விரலால் மேப்பைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

ரோடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனது.