பந்தாட்ட ஸ்பெஷலில் போனவள்

இந்த நாட்டில் பந்து விளையாடினால் ரயில் கூடுதலாக ஓடும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். வந்த புதிதில் நானும் சிரித்தவன்தான். நம் பக்கத்தில் ஸ்பெஷல் ரயில் என்றால் அது சுவாமிக்காக விடுவது. ஸ்ரீரங்கத்து ஏகாதசிக்கு மணப்பாறையில் நின்று போகிற வண்டியில் படிக்கட்டிலும் ஆள் தொங்கும், எல்லார் வாயிலும் ‘ரங்கா, ரங்கா’ என்றிருக்கும். இங்கே மலாக்காவின் பாடாங்கில், அதாவது ஊர் நடுவே புல் வளர்த்து விட்டிருக்கும் மைதானத்தில், இருபத்திரண்டு பேர் ஒரு தோல் பந்தை உதைக்கிறார்கள் என்பதற்காகச் சிரம்பானிலிருந்து ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு வருகிறார்கள். போன சனிக்கிழமைகூட ஒரு ஸ்பெஷல் போயிற்று. சீனர், மலாய்க்காரர், நம்மவர், வெள்ளைக் கலப்புச் சட்டைக்காரர் எல்லாரும் ஒரே வாசலில் முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். நான் கேட்டில் நின்று அவர்கள் டிக்கெட்டுகளைத் துளை போட்டு அனுப்பினேன். அன்று முழுவதும் என் மனைவி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். ஸ்பெஷல் ஓடுகிற நாளில் அவள் ஸ்டேஷன் பக்கம் தலைகாட்ட மாட்டாள். அதற்குக் காரணமானவன் நான்தான். ஆகையால் நானே எழுதிவிடுவது மரியாதை.

நான் இருக்கிற ஊருக்குப் புலாவ் செபாங் என்று பெயர். ஸ்டேஷன் பலகையிலோ பக்கத்து ஊரான தம்பினின் பெயர்தான் இருக்கும். வடக்கேயிருந்து வரும் பெரிய ரயில் பாதையில் எங்கள் ஸ்டேஷன் இருக்கிறது. இங்கிருந்து ஒரு கிளைப் பாதை பிரிந்து மலாக்காப் பட்டணத்துக்குப் போகிறது. புலாவ் செபாங் என்றோ தம்பின் என்றோ மணப்பாறையில் சொன்னால் எவனுக்குப் புரியும்? மலாக்கா என்றால் கடலும் கோட்டையுமாக ஒரு பேர் இருக்கிறது. அதனால் நான் வந்த நாளிலிருந்து எழுதிய கடிதங்களில் எல்லாம் ‘மலாக்காவில் சௌக்கியம்’ என்றே எழுதி வந்தேன். சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மலேரியாவோடு கிடந்தபோதும் மலாக்காவில் சௌக்கியம்தான். பிறகு ரயிலில் வேலை கிடைத்து இங்கே வந்தபோதும் அதேதான். ஊரில் என் மனைவி செல்லம்மாளை ‘மலாக்காக்காரன் பெண்டாட்டி’ என்று சொல்கிறார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கல்யாணமாகி ஆறே மாதத்தில் நான் கப்பல் ஏறினேன். அப்போது அவள் வயிற்றில் குழந்தை. பெண் பிறந்தது, பொன்னி என்று பேர் வைத்தது, நடக்கத் தொடங்கியது எல்லாம் கடிதத்தில் வந்தன. குழந்தைக்கு நாலு வயது நெருங்கும்போதுதான் எனக்கு ரயில் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு அறையும் அடுக்களையும் கொடுத்தார்கள். உடனே அவர்களை வரச்சொல்லி எழுதினேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, நோய்க்காவல் முகாமில் ஒரு வாரம் இருந்துவிட்டு, ஜொகூருக்குப் போகும் ஒரு கங்காணியின் ஆட்களோடு ரயிலில் வர ஏற்பாடு. ‘தம்பினில் இறங்கு, பிளாட்பாரத்திலேயே நிற்பேன்’ என்று அந்தக் கடைசிக் கடிதத்தில் மட்டும் எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, யாரோ வாசித்துச் சொன்னதுதான். நாலு வருஷமாக மலாக்கா, ஒரே ஒரு தரம் தம்பின். எது மனத்தில் நிற்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவள் வருகிற நாள் பந்தாட்ட நாளாக வாய்த்தது. மெயில் வண்டியில் வருவாள். அதே மெயிலில் வருகிற ஆட்டம் பார்க்கும் கூட்டமும் எங்கள் ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்புறம் நிற்கிற மலாக்கா ஸ்பெஷலுக்கு மாறும். நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் லீவு கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர், ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்குகிறவர்.

“இண்டைக்கோ? பந்தடி நாளிலயோ? கேட்டில நிக்க வேற ஆர் இருக்கினம்?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மனிசி இங்கதானே வந்து இறங்கப் போறா. நீர் நிக்கிற இடத்துக்கே வருவா. பேந்தென்ன?” என்றார்.

எனக்கும் அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் பட்டது. மெயில் வந்து அரை மணி கழித்துத்தான் ஸ்பெஷல் புறப்படும். அதற்குள் கூட்டம் ஓய்ந்துவிடும், ஐந்து நிமிஷம் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய் அழைத்துவரலாம் என்று நான் மனத்துக்குள் திட்டம் போட்டேன். காலையில் தந்தி வந்தது. ஆட்டத்தை முன்னதாகத் தொடங்குகிறார்களாம், மழைக்குப் பயந்து. ஆகவே மெயிலில் வந்தவர்கள் மாறி ஏறியதும் ஸ்பெஷலை விட்டுவிட வேண்டும். மெயிலோ கூடுதல் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அது நின்ற மாத்திரத்தில் பிளாட்பாரத்தில் தரை தெரியவில்லை. பின்பக்கம் என் கேட்டிலோ தம்பின் பஜாரிலிருந்து வந்த கூட்டம் இடுப்பளவு இரும்புக் கதவை நெஞ்சால் தள்ளிக்கொண்டு நின்றது. ஒருவர் குடைக்காம்பு என் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. நான் துளை போடுகிறேன், பார்க்கிறேன், துளை போடுகிறேன், பார்க்கிறேன். மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு தகர டிரங்குப் பெட்டியை யாரோ கீழே இறக்கினார்கள். பின்னாலேயே அவள். இடுப்பில் குழந்தை. நாலு வருஷத்தில் முகம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, ஆனால் அவள்தான்.

“செல்லம்மா!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் சொங்கோக் தொப்பி போட்ட ஒரு மலாய்க்காரர் போய்க்கொண்டிருந்தார். அவரிடம் ஒரே ஒரு சொல்தான் கேட்டாளாம்: “மலாக்கா?”

“மலாக்கா! யா, யா, மலாக்கா! நாயிக், நாயிக்! செபாட்லா!” ஏறு, ஏறு, சீக்கிரம் என்று சொல்லி அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கி ஸ்பெஷலின் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். குழந்தையை வாங்கி உள்ளே இருந்தவர்களிடம் நீட்டினார். அவளுக்கும் வழி விலக்கிக் கொடுத்து ஏற்றிவிட்டார். அந்த மனிதர் செய்தது முழுக்க உபகாரம். யாரையும் திட்ட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

நான் கேட்டை விட்டு இரண்டடி வைத்தேன். அந்த இரண்டடிக்குள் பத்துப் பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே பாய்ந்தார்கள், ஒருவன் தண்டவாளத்துக்கே இறங்கிவிட்டான். “மாணிக்கம்! கேட்! கேட்!” என்று ஸ்டேஷன் மாஸ்டர் அலறினார். நான் திரும்பி ஓடி முதுகைக் கொடுத்து அடைத்தேன். விசில் ஊதியது. ஸ்பெஷல் நகர்ந்தபோது ஜன்னலில் அவள் முகம் ஒரு தரம் என் பக்கம் திரும்பிற்று. தொப்பியும் காக்கியுமாக எவனோ ஒருவன் கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறான் என்றுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். பயந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் கேட்டில் சாய்ந்தபடி அந்த வண்டி வளைவில் மறைகிறவரை பார்த்தேன். கையில் துளை போடும் இடுக்கி அப்படியே இருந்தது.

அதன்பிறகு வந்த பிற்பகலை எப்படிச் சொல்ல! மலாக்காவுக்குத் தந்தி கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். கம்பி முழுக்க ஸ்பெஷல் சமாச்சாரம், பொறு என்றார் மாஸ்டர். ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தார். குழந்தையோடு ஒரு தமிழ்ப் பெண், தகரப் பெட்டி. பதில் வந்தது: அப்படி யாரும் கண்ணில் படவில்லை, எல்லாரும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த வண்டியில் போகலாமென்றால் அடுத்த வண்டி கிடையாது. இருந்த பெட்டிகள் எல்லாம் ஆட்டம் முடிவதற்காக மலாக்காவில் காத்துக்கொண்டிருந்தன. பஸ் பிடித்து ரோட்டு வழியாகப் போகிறேன் என்றேன்.

“போம். உம்மட மனிசி ரயிலில திரும்பி வந்தால் ஆர் கூட்டிக்கொண்டு போறது? வேலையும் போயிட்டால் அவவை எங்க கொண்டுபோய் வைப்பீர்?” என்றார் மாஸ்டர்.

அவர் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. ஊரில் இருந்திருந்தால் நான் வண்டி கட்டிக்கொண்டு போயிருப்பேன், நாலு பேரைக் கூட்டியிருப்பேன், ஸ்டேஷன் மாஸ்டரின் சட்டையைக்கூடப் பிடித்திருப்பேன். இங்கே என் கோபத்துக்குக்கூட உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. பிளாட்பாரத்தில் ஆள் இல்லை, வெயில் இருந்தது. ஒரு நாய் கேட்டடியில் வந்து படுத்துக்கொண்டது. ஐந்தரை மணிக்கு வர வேண்டிய வண்டியைக் காணோம். ஆட்டம் இரண்டு பக்கமும் சமமாக நின்றுவிட்டதாம், வெற்றி தெரிய இன்னும் அரை மணி ஆடுகிறார்களாம், அது முடிகிறவரை ஸ்பெஷல் நிற்குமாம். சேதி சொன்ன போர்ட்டர் ஆவலோடு, “யாரு ஜெயிப்பானுங்கன்னு நெனைக்கிறீங்க அண்ணே?” என்று என்னைக் கேட்டான். யார் ஜெயித்தாலும் சரி, யாராவது சீக்கிரம் ஒரு கோல் போடுங்களடா என்று நான் மணப்பாறை மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். பந்தாட்டத்துக்காக நான் சாமியிடம் வேண்டியது அந்த ஒரு தடவைதான்.

மலாக்காவில் நடந்ததைப் பல நாள் கழித்துத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். இறங்கியதும் சீட்டை வாங்கிப் பார்த்த டிக்கெட் கலெக்டர், இது தம்பினோடு சரி, ஏன் தாண்டி வந்தாய் என்று மலாயில் கேட்டிருக்கிறார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கவே டிக்கெட்டை வைத்துக்கொண்டு வெளியே தள்ளிவிட்டார். பிளாட்பாரத்திலேயே நிற்பதாகச் சொன்ன புருஷனைக் காணோம். பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எதிரே கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் வந்து தமிழில் பேசியபோதுதான் உயிர் வந்ததாம். குழந்தைக்கு ரொட்டி கொடுத்து, ஸ்டேஷனில் விசாரித்து, “நீ எறங்க வேண்டிய எடம் தம்பினும்மா, உங்க ஆளு அங்கதான் தேடிக்கிட்டிருப்பாரு” என்று சொல்லி, திரும்புகிற ஸ்பெஷலில் கார்டிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்த ராவுத்தரின் கடையைப் பிறகு நான் இரண்டு தரம் போய்த் தேடினேன். எதிரே நாலைந்து ராவுத்தர் கடைகள் இருந்தன. ஒருவரும் தாம்தான் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்பெஷல் வந்தது. தோற்ற கூட்டமும் ஜெயித்த கூட்டமும் ஒன்றாகத் தொண்டை கட்டிப்போய் இறங்கின. வெளியே போகிற எல்லாரும் என் கேட்டுக்குத்தான் வர வேண்டும். டிக்கெட், டிக்கெட் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருக்க, கண் ஒவ்வொரு முகமாகத் தேடிற்று. தேடிக்கொண்டே இருந்தவன் அவள் என் முன்னாலேயே வந்து நின்றபோது விக்கித்துப்போனேன். எத்தனையோ வார்த்தைகளை நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். என் வாயிலிருந்து வந்தது, “டிக்கெட்.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பூட்ஸைப் பார்த்தபடி பேசினாள். “ஐயா, டிக்கெட்ட அங்கேயே வாங்கிக்கிட்டாக. எங்க வீட்டுல அவுக இந்த ரயில்லதான் உத்தியோகம். நீங்க நல்லா இருப்பீக, அவுகளக் கொஞ்சம் கூப்பிட்டு விடுங்கய்யா.”

 பக்கத்தில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து, “புருஷன்ர பேரென்ன, பிள்ளை?” என்று கேட்டார்.

கட்டின புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் ஏது? அந்தத் தவிப்பிலும் அவள் சொல்லவில்லை. தோளில் கிடந்த குழந்தையை உலுக்கி, “சொல்லு தாயி, ஒங்கப்பாரு பேரு என்னா?” என்றாள்.

குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு, “மாணிக்கம்” என்றது.

“இந்தா, இவர்தான்” என்று மாஸ்டர் என் தோளைத் தொட்டார். அப்போதுதான் செல்லம்மாள் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தாழ்ந்த குரலில், “ஏங்க, நம்ம ஊருக்குத் திரும்புற வண்டி எப்பங்க?” என்று கேட்டாள்.

வடக்கே, கப்பல் துறைமுகத்துப் பக்கம் போகிற வண்டி விடியற்காலையில் உண்டு. இந்த ஸ்டேஷனில் நிற்கிற எல்லா வண்டியின் நேரமும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.  ஆனால் நாங்கள் இருக்கப்போவது இங்கேதான். 

“செபாட்லா, தம்பி!” என்று பின்னாலிருந்து கூச்சல். பாதி வண்டி இன்னும் இறங்கவில்லை. அவளையும் பெட்டியையும் கேட்டின் உட்புறமே ஒதுங்கச் சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டேன். வலது கையை டிக்கெட்டுக்கு நீட்டினேன். குழந்தை என் தொப்பியையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தாய் பக்கம் உடம்பை வளைத்துத் திமிறிக்கொண்டு, “மாணிக்கம், என்னைய எறக்கி விடு” என்றது. நான் இறக்கிவிடவில்லை. அடுத்த ஆளிடம் டிக்கெட்டை வாங்கினேன்.