பரகத் நிஷாவுக்குக் கிடைக்காத வேலை

தேனிப் பக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் வாழைத் திசு வளர்ப்பு லேப் நடத்தும் முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து பரகத் நிஷாவை ஒரே இடத்தில் கட்டிப்போட்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஒருவரிடம் வேலை பார்க்கும் ஆளை இன்னொருவர் கேட்காமல் எடுப்பதில்லை. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மரியாதை.

போன மாதம் ஒரு காலையில் 'சமையல் குறிப்பு' என்ற வாட்ஸப் குழுவில்தான் செய்தி வந்தது. நிஷாக்கா இருந்த சின்னமனூர் லேபில் இன்று வேலை பார்ப்பவர்களும் முன்பு பார்த்த என்னைப் போன்றவர்களும் இருக்கும் குழு அது. பெயர் வைத்தது நிஷாக்காதான். யாராவது நம் போனை எட்டிப் பார்த்தாலும் சந்தேகம் வராது என்பார். 'பெரியகுளத்துல பிரியாணிக்கு ஆள் கூப்பிடுறாக' என்று வந்தால் அங்கே ஒரு வேலை காலி. 'உப்பு ஜாஸ்தி' என்றால் அந்த முதலாளி சரியில்லை. அன்று முருகேஸ்வரி எழுதியிருந்தார்: 'நிஷாக்கா இறந்துட்டாக. இது சமையல் இல்ல.' அந்தக் குழுவில் மறைவில்லாமல் வந்த முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

தலையில் ரத்தக்கசிவு. உத்தமபாளையத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலிலேயே விழுந்திருக்கிறார். நாற்பது வயது ஆகவில்லை. இந்தச் சாவுக்கு முதலாளிகள் பொறுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய். அவர் போக விரும்பிய இடத்துக்குப் போகாமலேயே இறந்தார், போகவிடாதவர்கள் மாலையோடு வந்தார்கள், அவ்வளவுதான் நான் சொல்வது. 'எங்க வழக்கத்துல மாலை இல்லைங்கய்யா' என்று ஜமாத்தார் பக்குவமாக வாங்கி ஓரமாக வைத்தார்கள். மறுநாள் லேப் வாசலில் 'எங்கள் குடும்பத்தின் தூண்' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது அந்தத் தூணின் அடையாள அட்டையில் இருந்தது 'சூப்பர்வைசர்'.

எம்.எஸ்ஸி. படித்தவர். மீடியா என்கிற ஊட்டக் கூழைக் காய்ச்சுவதிலிருந்து, கண்ணாடி பாட்டிலுக்குள் வாழைக் குருத்தை வெட்டிப் பிரித்து வளர்த்து, பச்சை வலைக் குடிலில் செடியைத் தேற்றி விவசாயிக்கு ஏற்றுவது வரைக்கும் எல்லாம் அவர் கண்ணில்தான் ஓடியது. ஆனால் எந்தச் செடி வெளியே போகலாம் என்று முடிவு செய்தவர் மேனேஜர் சவுந்தர், முதலாளியின் அக்காள் மகன்.

மயிலாடும்பாறைக்கு ஒரு லோடு போன கதை நம்மில் பலருக்குத் தெரியும். குடிலில் ஒரு வரிசைச் செடியின் இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடு ஓடியிருப்பதை அக்கா பார்த்தார். முடிக்கொத்து நோயின் முதல் அடையாளம் அது. அந்த நோய் வந்தால் இலையெல்லாம் உச்சியில் குறுகிக் கொத்தாக நிற்கும், மரம் குலை தள்ளாது.

"இந்த வரிசைய எரிச்சிருங்க தம்பி" என்றார் சவுந்தரிடம்.

"சந்தேகம்தானக்கா? உறுதியாச் சொல்லுங்க, எரிச்சிருவோம்."

"உறுதியாச் சொல்ல டெஸ்ட் பண்ணணும். டெஸ்டுக்கு மெசின் கேட்டேன். வாங்கலையே."

"அப்ப சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை அனுப்பினார். சில மாதம் கழித்து அந்த விவசாயி வந்தார். சத்தம் போடவில்லை. பிடுங்கிய ஒரு வாழையைக் கேட்டில் சாய்த்து வைத்துவிட்டு நின்றார். பதில் சொல்ல அக்காவைத்தான் அனுப்பினார்கள். அவர் வெளியே போய், "இது எங்க தப்புத்தாங்கய்யா" என்றார். உள்ளே வந்ததும் சவுந்தர், "எங்க தப்புன்னு உங்கள யாரு சொல்லச் சொன்னது?" என்று கத்தினார். "வேற யாரு தப்பு, வாழை தப்பா?" என்றார் அக்கா. அன்று மதியம் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார்: "சம்பளம் கூடக் கிடைச்சா நல்லதுதான். ஆனா நான் தேடப் போறது அது இல்ல. ஒரு செடி சரியில்லைன்னு நான் சொன்னா அது வெளிய போகக் கூடாது. அப்படி ஒரு நாற்காலி வேணும் எனக்கு."

அந்த நாற்காலி வடுகபட்டிப் பக்கம் ஒரு லேபில் இருந்தது. தலைமைப் பொறுப்பு, வைரஸ் சோதனைப் பிரிவு, எல்லாம் புதிதாகத் தொடங்கப் போவதாகக் 'குறிப்பு' வந்தது. நம் தொழிலில் நேர்காணல் என்பது பேச்சு இல்லை. உட்கார்ந்து வாழைக் குருத்தை வெட்டிக் காட்ட வேண்டும். சொந்தத்தில் நிக்காஹ் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை போனார். வெட்டிக் காட்டினார். அந்த முதலாளி தன் குடிலைச் சுற்றிக் காட்டினார். ஒரு செடியின் முன் அக்கா நின்றுவிட்டாராம். "இத எடுத்துருங்க சார்." அந்த முதலாளி உடனே குனிந்து பிடுங்கி, பையில் போட்டுக் கட்டினார். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எதிர்க்கேள்வி கேக்கலடா தம்பி. பிடுங்கிட்டாக!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தச் செடியால்தான் மாட்டிக்கொண்டார்.

நோயுள்ள வாழை நிற்கும் இடத்துக்குப் போய் வந்தவர்கள் வெட்டும் அறைக்குள் உடனே நுழையக் கூடாது. அக்கா கொண்டுவந்த கட்டுப்பாடு அது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அவர் எங்களோடு பாட்டில் கழுவும் தொட்டியில் வந்து நின்றார்.

"என்னக்கா, உள்ள போகலையா?" சவுந்தர் கேட்டார்.

"ரெண்டு நாள் இங்கன இருக்கேன். வாழைப் பக்கம் போயிட்டு வந்தேன்."

"நிக்காஹ்வுக்குத்தான போனீக?"

"வாசல்ல வாழை கட்டியிருந்தாக."

"அதுக்கென்ன, கட்டுன வாழையப் போயி நீங்க கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னீகளாக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சவுந்தர் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. பெரியகுளத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற லேபுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எது என்று கண்டுபிடிக்க நாலு போன் போதும்.

சாயங்காலம் வடுகபட்டியிலிருந்து அக்காவுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார், அதனால் நானும் கேட்டேன். "உங்க வேலை எனக்கு ரொம்பத் திருப்திம்மா. ஆனா உங்க ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. நாளப்பின்ன நாங்க ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கணும்ல." நல்ல மனிதர்தான். கண்ணெதிரே செடியைப் பிடுங்கியவர். ஆனால் இன்னொரு முதலாளியின் முகம் அவருக்கு முக்கியமாக இருந்தது.

அக்கா ஒளிந்துகொள்ளவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. அக்கா குரலைத் தாழ்த்தாமல் பேசினார், எங்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"நீ எனக்கு மக மாதிரிம்மா" என்றார் முதலாளி. "பெத்த மகள யாராச்சும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுப்பாகளா?"

"மகளத்தாங்கய்யா பக்கத்து வீட்டுக்குக் கட்டிக் குடுப்பாக. வேலைக்காரியத்தான் விட மாட்டாக."

முதலாளி பலமாகச் சிரித்தார். நல்ல பதில் சொன்னதற்காக டீ வரவழைத்துக் கொடுத்தார். அனுமதி கொடுக்கவில்லை. அந்த வாரமே அக்காவின் சம்பளத்தைக் கூட்டினார். அதைப் பெரிய மனது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சோதனை மெசின் மட்டும் கடைசி வரை வரவில்லை.

எனக்கு வெட்டக் கற்றுக்கொடுத்து, அடுத்த வருடம் என்னை வெளியே அனுப்பியது அவர்தான். குமுளிக்கு மேலே, மலையாளத்துப் பக்கம் ஒரு லேப். நம் முதலாளிகளோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத இடம். கேரளாவுக்குச் செடி ஏற்றிப் போகும் வண்டியில் என்னை உதவிக்கு அனுப்பி, வழியில் இறங்கி வெட்டிக் காட்டிவிட்டு, திரும்பும் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். வேலை கிடைத்தது.

"நீங்களும் வாங்கக்கா. ரெண்டு பேரும் போயிருவோம்."

"தினமும் மலையேறி இறங்க முடியுமாடா? மக பத்தாவது படிக்கிறா. பொழுது சாய வீட்டுல இருக்கணும் நான்." பிறகு இதையும் சொன்னார்: "உன்னைய மாதிரி ஆளு போனா ஒரு வாரம் திட்டுவாக, மறந்துருவாக. நான் போனா போன் போடுவாக."

அந்த வாக்கியத்தை நான் அப்போது பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரும் பெருமையாகச் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், நம் தொழிலைப் பற்றி இதைவிட உண்மையாக யாரும் சொன்னதில்லை. சுமாராக வேலை பார்க்கிறவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. நன்றாகப் பார்க்கிறவரைப் பூட்டி வைக்கிறார்கள். ஓசூர், கோயம்புத்தூர் என்று பிறகும் முயன்றார். மகள் கல்லூரிக்குப் போனதும் வெளியூர் போகலாம் என்றிருந்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: பழைய இடத்தில் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சொல்கிறோம். பேசினார்கள். பிறகு சொல்லவில்லை. கடைசி ஒரு வருடம் அவர் தனக்காக எதுவும் தேடவில்லை. மற்றவர்களுக்குக் 'குறிப்பு' போட்டுக்கொண்டே இருந்தார்.

மலை மேலே எங்கள் லேபில் பொறுப்பாளர் இடம் எனக்கு வந்துவிட்டது. சந்தேகமான செடியைக் கண்டால் யாரையும் கேட்காமல் பிடுங்கி எரிக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கண்ணும் அந்தக் கையும். அவர் கேட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

சின்னமனூரில் போன வாரம் முதலாளிகள் நடத்திய இரங்கல் கூட்டத்துக்கு இறங்கி வந்தேன். "இவுக மாதிரி ஒரு ஆளு இனி நமக்குக் கிடைக்காது" என்று ஒருவர் மைக்கில் உருகினார். கிடைத்தபோது எடுத்தீர்களா என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நான் நீளமாகப் பேசவில்லை. "இந்த மண்டபத்துல இருக்கிற யாராச்சும் ஒருத்தர் நாளைக்கு உங்க வாசலுக்கு வேலை கேட்டு வருவாக. யாருன்னு சொல்ல மாட்டேன். பழைய முதலாளிக்கு போன் போடாம அவுகள எடுப்பீகளா? எடுப்பேன்னு சொல்றவுக கைய மட்டும் தூக்குங்க" என்றேன்.

முன்வரிசையில் எல்லாக் கைகளும் மடியிலேயே இருந்தன. வடுகபட்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சவுந்தர் எழுந்து, மதியச் சாப்பாடு தயார் என்று அறிவித்தார்.

முதலாளிகளே, அன்று வாயால் கேட்டதை இங்கே எழுதியும் கேட்கிறேன். இரங்கல் போதும், ஃப்ளெக்ஸைக் கழற்றுங்கள். உங்களில் ஒருவராவது, ஒரே ஒருவராவது, கையைத் தூக்குங்கள்.