மீன் வேண்டாம், சாரே

குட்டநாட்டில் அவுதக்குட்டியின் தொடர்கதையைப் படிக்காத ஆள் ஒருத்திதான். அவர் மனைவி ஏலிக்குட்டி. "வீட்லயே நாத்தம் தாங்கல அச்சாயா, இதுல புஸ்தகத்துல வேற மோந்து பாக்கணுமா?" என்பாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. வாரப் பத்திரிகையில் அவர் எழுதிய காதல், கொலை எல்லாமே கள்ளுக்கடையில்தான் நடந்தன. நுரையை அவர் வர்ணித்தால், படகில் படித்துக்கொண்டு போகிறவன் அடுத்த துறையிலேயே இறங்கிவிடுவான். கடைசியில் ஈரல் வீங்கி, டாக்டர் மிரட்டிய பிறகு, குடியை விட்டவர்கள் ஞாயிறுதோறும் பள்ளிக்கூடத்தில் கூடும் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவரவர் கதையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவுதக்குட்டிக்குச் சொல்லவா தெரியாது? அந்தி வெயில், காயலோரக் கடை, புதுக்கள், வாழையிலையில் சுட்ட கரிமீன் என்று அவர் அடுக்க அடுக்க, பெஞ்சு முழுக்க எச்சில் விழுங்கியது. முடிப்பதற்குள் பெஞ்சிலிருந்த மத்தாயியும் சசியும் நழுவிவிட்டார்கள். கூட்டத்தை நடத்தும் பழைய படகோட்டி குஞ்ஞுராமன் ஓடிப்போய், கடை வாசலில் இருவரையும் பிடித்து இழுத்து வந்தார்.

"சாரே, நீங்க குடிச்சா ஒரு ஆளுதான் கெடுவான். நீங்க பேசினா ஊரே கெட்டுப்போகும். அடுத்த வாரமும் இப்படின்னா வராதீங்க."

 இந்தப் பெஞ்சை விட்டால் அவுதக்குட்டிக்குப் போக்கிடம் கள்ளுக்கடை பெஞ்சுதான்.

அடுத்த வாரம் பயந்து பயந்து தொடங்கினார். "அன்னிக்கு நல்ல மழை. சட்டியில கரிமீன்..."

"மீன் வேண்டாம், சாரே!" மத்தாயி காதைப் பொத்திக்கொண்டு அலறினான்.

மீனை விட்டார். மழையையும் விட்டார். மிச்சம் இருந்ததைச் சொன்னார். மகள் கல்யாணத்தன்று மாதா கோயில் துறையில், வள்ளத்துக்குள் தார்ப்பாய்க்கடியில் அவர் போதையில் கிடந்தார். ஏலிக்குட்டிதான் மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனாள். கேட்டவர்களிடம் அவருக்குக் காய்ச்சல் என்றாள். அவ்வளவுதான். இந்த முறை யாரும் எச்சில் விழுங்கவில்லை. குஞ்ஞுராமன் ஒரு தேநீரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

அதையே அந்த வாரத் தொடருக்கு எழுதினார். விஷயத்தைக் கேட்ட பத்திரிகை ஆசிரியர் போனில் புலம்பினார். "கள்ளுக்கடை எங்க சாரே? படிக்கிறவங்க தேடுவாங்களே!"

"பூட்டியாச்சு" என்றார் அவுதக்குட்டி.

மறுநாள் தபாலில் போடுவதற்காக மேசைமேல் வைத்திருந்த தாள்களை, ஏலிக்குட்டி அடுப்படியில் நின்றபடியே படித்து முடித்தாள். கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

"காய்ச்சல்னு நான் எப்ப சொன்னேன்? பேதின்னு சொன்னேன். காய்ச்சல்னா யாராச்சும் பாக்க வந்திருப்பாங்க, அச்சாயா."

அவுதக்குட்டி காய்ச்சலை அடித்துவிட்டுப் பேதி என்று திருத்தினார். எழுத்தே தெரியாத அளவுக்குக் கண் நிறைந்திருந்தது.