கட்டி அப்படியேதான் இருக்குது, அக்கா

அன்பான விசுவாசக் குடும்பத்தாரே, சென்ற மாசி மாதம் ஒரு காலையில் முகம் வழித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜெயந்தி சமையலை விட்டுக் குசினியிலிருந்து வந்தவள் என் கழுத்தைப் பார்த்து நின்றாள்.

"இஞ்ச திரும்புங்கோ. இதென்ன வீக்கம்?"

தொண்டைக்குக் கீழே, இடது பக்கத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் அதுவும் ஏறி இறங்கியது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படித்தவன் அல்ல. திரியாயில் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சண்டை துரத்திய பக்கமெல்லாம் போனேன். பிறகு யாரும் துரத்தாமலும் போனேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், வளைகுடாவில் கம்பி கட்டினேன், திரும்பி வந்து திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். ஆண்டவர் பிடித்த பிறகுதான் ஓரிடத்தில் நின்றேன். அப்போதும் கால் சும்மா இருக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் மூதூர், தோப்பூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போய் வீடு வீடாக ஜெபிப்பேன். ஜெயந்தி தையல் தைக்கிறாள். ஒரே மகள், பத்து வயது. துறைமுகக் கரையோரம் தகரக் கூரை போட்ட, நான் போதகராக இருக்கும் எங்கள் சபையில் முப்பது பேர் கூடுகிறோம்.

ஆஸ்பத்திரியில் கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். ரிப்போட் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த நாட்களைச் சொல்ல ஏலாது. மற்றவர்களின் தலையில் ஒரு கையை வைத்து ஜெபிக்கும்போது மறு கை என் கழுத்துக்குப் போகும். மகள் புத்தகப் பையோடு ஒழுங்கை முனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். இவளை யார் வளர்ப்பார்கள் என்ற ஒரே யோசனை.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரம் வந்தது. கிடைக்காததைக் கிடைத்ததாகவே சொல்லி நன்றி செலுத்தும் பழக்கம் எங்களிடம் உண்டு. அதை விசுவாசம் என்றுதான் நானும் நினைத்தேன். எழுந்து நின்று, "ஆண்டவர் என்னைச் சுகமாக்கிவிட்டார். கட்டி கரைந்துவிட்டது" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். நான் சட்டைக் கொலரை மேலே இழுத்து விட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜெயந்தி கேட்டாள். "ரிப்போட் வரேல்லையே. ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"விசுவாசத்தில சொன்னனான்."

"சரி. நீங்கள் சொன்னது கட்டிக்குக் கேட்டுதோ?"

எனக்குக் கோபம் வந்தது. வேகமாக முன்னே நடந்தேன்.

புதன் காலை மூதூருக்குப் புறப்பட மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன். கனகண்ணன் வந்து முன்சில்லைப் பிடித்துக்கொண்டார். அவர் மீன்பிடிக்கிறவர், சைவ சமயக்காரர். சபைக்கு வருவது அவருடைய மனைவி செல்வராணி அக்கா. அக்கா சந்தையில் கருவாடு விற்கிறவர். சீனி வருத்தத்துக்கு நாளும் ஊசி போட்டு வாழ்கிறவர்.

"போதகர், எங்க போறியள்? என்ர மனிசி ஞாயிறில இருந்து ஊசி போடேல்லை. பாஸ்டருக்குச் சுகம் வந்ததெண்டால் எனக்கும் வந்திட்டுதாம். நேற்றில இருந்து சத்தி, குடிச்ச தண்ணியும் வெளியால வருது. உங்கட சாமி குடுக்கிறதை நான் தடுக்கேல்லை. டாக்குத்தர் குடுத்ததைப் போடச் சொல்லுங்கோ!"

மோட்டார் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரோடு ஓடினேன்.

ஜெயந்தி கையில் வைத்திருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு என்னோடு வந்தாள். அக்கா பாயில் கிடந்தார். உதடு காய்ந்திருந்தது. மூச்சு ஆழமாக, வேகமாக வந்தது. வாயில் பழம் புளித்த வாடை. வாசலில் கனகண்ணன் பிடித்து வந்த ஆட்டோ நின்றது. அக்கா ஏற மறுத்தார்.

"ஏலாது பாஸ்டர். இப்ப போனால் ஆண்டவரை நம்பாத மாதிரிப் போயிடும். ஜெபம் பண்ணுங்கோ, அதே போதும்."

ஜெபிக்க வாய் திறந்தேன். அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஜெபம் அல்ல என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொன்னால் சபை போய்விடும், இத்தனை வருட ஊழியம் போய்விடும் என்ற பயமும் கூடவே வந்தது. அக்காவின் கண் செருகத் தொடங்கியது. அவருடைய கையைப் பிடித்து என் கழுத்தில் வைத்தேன்.

"அமத்திப் பாருங்கோ அக்கா. கட்டி அப்படியேதான் இருக்குது. கரையேல்லை. எனக்கு இன்னும் ரிப்போட்டே வரேல்லை."

அக்கா தடவிப் பார்த்தார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை சொன்னது?"

"பொய், அக்கா."

கையைக் கழுத்திலிருந்து எடுத்தார். "சபையில நிண்டு சொன்ன பொய்யோ?"

"ஓம்."

"மூதேவி," என்றார். "தூக்குங்கோ என்னை. ஆட்டோவில ஏத்துங்கோ."

ஆஸ்பத்திரியில் அவரை நேரே உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் பிந்தியிருந்தால் மயக்கத்திலேயே போயிருப்பார் என்று டாக்டர் கனகண்ணனிடம் சொன்னார். யார் ஊசியை நிறுத்தச் சொன்னது என்றும் கேட்டார். கனகண்ணன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே முன்னுக்குப் போய், "நான்தான், ஐயா" என்றேன்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து ஜெபித்தேன். என் கட்டிக்காக அல்ல. என் கழுத்து எப்படியும் போகட்டும், அக்காவின் உயிரை என் கணக்கில் வைக்காதேயும் என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. ஜெயந்தி என் பக்கத்தில் கண்ணை மூடியிருந்தாள். கனகண்ணன் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தார். அன்று முழுவதும், மறுநாள் முழுவதும் அப்படியே இருந்தோம்.

வெள்ளி காலை தாதி வந்து அக்கா கஞ்சி கேட்கிறார் என்றார். கனகண்ணன் அழுதார். நான் ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் நான் கேட்டு இவ்வளவு தெளிவாகக் கிடைத்த பதில் வேறில்லை.

ஞாயிறு சபையில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு குடும்பங்கள் எழுந்து போயின, திரும்பி வரவில்லை. மற்றவர்கள் இருந்தார்கள். ஏன் இருந்தார்கள் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது கிருபைதான்.

என் ரிப்போட்டில் நல்ல செய்தி இல்லை, புற்றுநோய் என்றிருந்தது. கழுத்தை வெட்டிக் கட்டியை எடுத்தார்கள். தழும்பு இருக்கிறது, குரல் கொஞ்சம் கரகரக்கிறது. உயிரோடு இருக்கும்வரை காலையில் ஒரு குளிசை விழுங்க வேண்டும். அந்தக் குளிசையைக் கையில் எடுக்கும்போதும் நன்றி சொல்கிறேன். அதுவும் அவர் கொடுத்ததுதான். இப்போது மூதூரிலும் தோப்பூரிலும் எந்த வீட்டில் நோயாளியைப் பார்த்தாலும் முதலில் மருந்து போட்டாச்சா என்று கேட்கிறேன். அதன் பிறகுதான் முழங்கால் போடுகிறேன்.

இதை வாசிக்கிறவர்களே, பயந்திருக்கிறீர்கள் என்றால் பயமாக இருக்கிறது என்றே அவரிடம் சொல்லுங்கள். அவருக்காக நாம் பொய் சொல்லத் தேவையில்லை. கட்டி இருக்கும்போதே அவரை நம்பலாம். நான் நம்பிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் சபையில் இப்போது சாட்சி நேரம் தொடங்குமுன் முன்வரிசைப் பாயிலிருந்து ஒரு குரல் வரும்.

"பாஸ்டர், குளிசை போட்டனீங்களோ?"

"ஓம் அக்கா. நீங்கள் ஊசி?"

"போட்டிட்டன். இனிச் சொல்லுங்கோ."

அதன் பிறகுதான் நான் எழுந்து நிற்பேன்.