கேமராவைக் கண்டால் காலை ஊன்றும் ரோஸ்லின் அக்கா

1. ஆடாத கிராக்கிகள்

ராயபுரம் கல்மண்டபத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, முதல் நற்கருணை, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுத்திருக்கிறேன். துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்து மூட்டை நனைந்துபோனால், இன்சூரன்ஸ் சர்வேயர் என்னைத்தான் கூப்பிடுவார். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பத்தை நிறுத்தி எடுத்ததும் உண்டு. யோசித்துப் பார்த்தால் என் கிராக்கிகள் எல்லோரும் ஒரே ரகம். யாரும் ஆட மாட்டார்கள். ஆடினால் நான் விட மாட்டேன். "ஆடாம நில்லுங்க, இங்க பாருங்க" என்று நான் போடும் சத்தம் எங்கள் தெருவில் பிரசித்தம்.

அதனால் தேவிகா வந்து கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. தேவிகா வியாசர்பாடிப் பெண். மணலியில் ஒரு தொழிற்சாலை லேபில் வேலை. லீவு நாட்களில் ஒரு சைக்கிள் குழு நடத்துகிறாள்.

"அண்ணே, மூணு நாள் டூரு. காட்டுப்பள்ளித் தீவ ஒரு சுத்து சுத்திகினு வரோம். போட்டோவுக்கு நீதான் வரணும்."

"ஓடுற ஆள எடுத்து எனக்குப் பழக்கம் இல்லம்மா."

"இதுல இன்னா பேஜாரு கீது? எல்லாம் சும்மா உருட்டிகினு போற சனம். ரேஸா வுடப் போறாங்க?"

எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கால்வாயும் உப்பங்கழியும். வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. முதல் நாள் திருவொற்றியூரில் கிளம்பி, தீவுக்குள் போய் ஒரு கிராமத்தில் தங்கல். இரண்டாம் நாள் கடலோரமாகவே பழவேற்காடு. மூன்றாம் நாள் பொன்னேரி, மீஞ்சூர் வழியாகத் திரும்புவது. வங்கி ஊழியர், டீச்சர், கிரேன் ஆபரேட்டர், கடைக்காரர் என்று இருபது பேருக்குள் இருந்தார்கள். களைத்தவர்கள் ஏறிக்கொள்ள ஒரு வேன் பின்னால் வரும்.

எனக்கு வண்டி மீன்பாடி. காசிமேட்டில் மீன் கூடை ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் பழைய பைக் எஞ்சினைக் கோத்திருப்பார்களே, அதுதான். ஓட்டுநர் குமார். முன்னால் போகிற வண்டியில் நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, வருகிறவர்களை எடுக்க வேண்டும்.

"நைனா, நல்லா கம்பிய புடிச்சிகினு குந்து. நீ வியிந்தா நான் திரும்பிப் பாக்க மாட்டேன். சத்தத்துல கேக்காது," என்றான் குமார். பொய் சொல்லவில்லை. அந்த எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் குண்டு வெடித்தாலும் தெரியாது.

2. ஒரே ஒரு போட்டோ

கிளம்புகிற இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியவர் ரோஸ்லின் அக்கா. என்னைவிட இளையவர்தான். ஆனால் மளிகைக் கடைக்காரம்மாவை அக்கா என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, வீட்டுக்காரரோடு சேர்ந்து கல்மண்டபத்தில் கடையை நிலைநிறுத்தியவர். அவர் பிள்ளைகளின் முதல் நற்கருணைப் படம் நான் எடுத்ததுதான். போன வருஷம் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கை விழுந்துவிட்டது.

"எண்ணே, நான் சைக்கிள் ஓட்டுத மாதிரி ஒரு போட்டோ வேணும். பக்கத்துல நிக்கது இல்ல. ஓட்டுதது."

"அதுக்குத்தானேக்கா வந்திருக்கேன்?"

"வெளையாட்டு இல்லண்ணே. எங்க வீட்டுல அவிய கடைய ஒரு பார்ட்டிக்குக் குடுக்கப் பேசி முடிச்சாச்சி. நாளான்னைக்கு அட்வான்ஸு வாங்கணும். கடைய விட்டுட்டு ஊரோட போயிருவோம்ங்காவ. கை வந்திட்டுன்னு நானும் சொல்லிப் பாத்திட்டேன். ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டு, தராசை எங்கிட்டேருந்து தள்ளி வைக்காவ. ஊருக்குப் போனா எனக்குக் கட்டில்தான்ணே."

"இந்த டூருக்கு எப்படி விட்டாரு?"

"வேன் இருக்குல்லா, வேன்ல உக்காந்து வேடிக்கை பாத்திட்டு வான்னுல்லா விட்டாவ! நான் ஓட்டுனேன்னு தேவிகா சொன்னாலும் நம்ப மாட்டாவ. பொம்பளைய எல்லாம் கூடிப் பேசி வச்சிருக்கியன்னு சொல்லுவாவ."

அவர் கண் கலங்கவில்லை. கணக்குப் பேசுகிற குரலிலேயே சொன்னார். இருபது வருஷமாக அந்தக் கடையில் பருப்பு வாங்குகிறேன். அக்கா இல்லாத கல்லாவை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒன்று என்ன, பத்து எடுத்துத் தருகிறேன் என்று வாய்க்கு வந்ததை அள்ளி விட்டேன்.

3. வாக்குக் கொடுத்தவன் பட்ட பாடு

முதல் நாள் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பின்னணியில் வைத்து நல்ல நல்ல பிரேமாகக் கிடைத்தது. ஒரு சிக்கல். கேமராவைத் தூக்கினால் எல்லோரும் இரண்டு கையையும் விட்டுவிட்டு வெற்றிச் சின்னம் காட்டினார்கள். வங்கி ஊழியர் ஒருவர் அப்படிக் காட்டியபடியே கருவேலம் புதருக்குள் போய்விட்டார். முள் எடுக்கவே அரை மணி ஆனது. "கையத் தூக்கினா சோறு கெடையாது" என்று தேவிகா சட்டம் போட்ட பிறகுதான் அடங்கினார்கள்.

ரோஸ்லின் அக்கா கையைத் தூக்கவில்லை. அவர் செய்தது வேறு. கேமரா உயர்ந்ததும் பிரேக் பிடித்தார். காலை ஊன்றினார். துப்பட்டாவைச் சரிசெய்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதுகை நேராக்கி, லென்ஸைப் பார்த்தார்.

"அக்கா, நிக்காதீங்க! வாங்க, வாங்க!"

"எடுத்திட்டியளா?"

மறுபடி தூக்கினேன். மறுபடி ஊன்றினார். பாலத்தில் ஒரு தடவை, பெரிய பெரிய குழாய்கள் ஓடும் இடத்தில் ஒரு தடவை, சவுக்குத் தோப்பில் ஒரு தடவை. யாராவது போனைத் தூக்கினாலும் இதே கதைதான். அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. சாயங்காலம் அவரே நொந்துகொண்டார்.

"என்ன செய்யண்ணே? போட்டோ எடுக்கையில ஆடக் கூடாதுன்னு சின்னதுலேருந்து பழகிட்டு. காலு தன்னால ஊனுது. நீங்களும் எத்தன தடவ அதட்டியிருக்கிய!"

இரண்டாம் நாள் தந்திரம் செய்தேன். மீனவர் குப்பம் ஒன்றில், கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால், தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸோடு படுத்துக்கொண்டேன். தூரத்தில் அக்கா வந்தார். காற்றில் துப்பட்டா பறக்க அருமையாக வந்துகொண்டிருந்தார். போக்கஸ் வைப்பதற்குள் ஊர் நாய் ஒன்று என்னைத் திருடன் என்று முடிவு செய்து குரைத்தது. அக்கா பார்த்துவிட்டார். பிரேக். கால். துப்பட்டா.

"எண்ணே, அங்க என்ன படுத்துக் கெடக்கிய? மேலுக்கு முடியலையா?"

மொத்தக் கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அவரோ தீவின் கடலோரம் முழுவதையும் தன் காலாலேயே மிதித்துக் கடந்து பழவேற்காடு வந்துவிட்டார். வேன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மெமரி கார்டில் இருந்ததெல்லாம் சைக்கிளுக்குப் பக்கத்தில் அழகாக நிற்கும் ஒரு அம்மா. அதைக் காட்டினால் வேனிலிருந்து இறங்கி நின்ற படம் என்று அவர் வீட்டுக்காரர் சொல்வார். சொல்வதில் தப்பும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் தேவிகா இன்னொரு குண்டைப் போட்டாள். "மீஞ்சூரோட சைக்கிள் ஸ்டாப்பு. அதுக்கு மேல கன்டெய்னர் லாரிங்க வரிசையா வந்துகினு கீது. ரிஸ்க் வாணாம். சைக்கிள லோடு வண்டியில போட்டுட்டு எல்லாரும் வேன்ல ஏறிக்குங்க."

அப்படியானால் அக்கா திருவொற்றியூரில் வேனிலிருந்துதான் இறங்கப் போகிறார். அவரைக் கூட்டிப்போக வீட்டுக்காரர் அங்கேதான் வந்து நிற்பார். என்னிடம் மிச்சம் இருந்தது பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் இருக்கிற ரோடு மட்டும்.

குமார்தான் சலித்துப்போய்ச் சொன்னான். "இன்னா நைனா நீ, கேமராவ மூஞ்சிக்கு நேரா தூக்கினாதானே அக்கா நிக்கிது? மடியில வச்சிகினு அமுக்கேன்."

அது எங்கள் தொழிலுக்கே விரோதமான பேச்சு. கண்ணை வைத்துப் பார்க்காமல் நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஆனாலும் அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸை மாட்டினேன். ஷட்டர் ஸ்பீடை ஏற்றினேன். கேமராவை மடியில் வைத்து, கழுத்துத் துண்டை மேலே போட்டு, லென்ஸ் வாயை மட்டும் வெளியே விட்டேன். ஷட்டர் சத்தத்தைப் பற்றிக் கவலையே இல்லை. குமாரின் எஞ்சின் இருக்கும்போது அது யார் காதில் விழப் போகிறது?

"கேமரா எங்கண்ணே?" அக்கா வண்டிக்குக் கிட்ட வந்து, சத்தத்தை மீறிக் கத்தினார்.

"பேட்டரி தீந்துபோச்சுக்கா!"

அவர் முகம் வாடிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். ஒன்றிரண்டு அமுக்கினேன். குனிந்த தலைதான் விழுந்திருக்கும் என்று தெரிந்தது. முகம் வேண்டும். முகம் தெரியாத படத்தை வைத்து யாரிடம் என்ன நிரூபிப்பது? அவரை எப்படி நிமிரவைப்பது என்று யோசித்தேன். கடைக்காரரிடம் எதைச் சொன்னால் நிமிர்வார் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா! உங்க கடைப் புளி முன்ன மாதிரி இல்லக்கா! ஒரே கொட்டை! எங்க வீட்டுல இப்ப சூப்பர் மார்க்கெட்லதான் வாங்குறா!"

அக்கா நிமிர்ந்தார். அம்மாடி, அப்படி ஒரு நிமிர்வு.

"எந்தப் புளி? எப்ப வாங்குனிய? கொட்டை எடுத்த புளி வேற, எடுக்காத புளி வேற, அது தெரியாதா ஒங்களுக்கு? சூப்பர் மார்க்கெட்டுல என்னத்தக் குடுக்கான்? உப்பைப் போட்டு ஊற வச்சில்லா குடுக்கான்! ஒங்க வீட்டு அக்காவ வரச் சொல்லுங்க, நான் கேக்கேன்!"

திட்டிக்கொண்டே வண்டியைத் துரத்தினார். நான் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினேன். அவர் என்னைத் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் விழுந்துவிடக் கூடாதே என்று மாதாவையும் முருகனையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

4. வேனிலிருந்து இறங்கியவர்

மீஞ்சூரில் டீக்கடை நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப் படங்களில் வானம். சிலதில் என் முழங்கால். ஷார்ப்பாக விழுந்தது ஒன்றே ஒன்று. அதுவும் கோணல். ஓரத்தில் ஒரு லாரியின் பின்பக்கம். அக்கா வாயைத் திறந்து கத்துகிறார், கண் உருண்டிருக்கிறது, வலது கை என்னை நோக்கி நீண்டு விரலை ஆட்டுகிறது. கல்யாண ஆல்பத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் நானே கிழித்துப் போட்டிருப்பேன். அக்காவிடம் காட்டக் கூச்சமாக இருந்தது. ஒன்று கிடைத்திருக்கிறது, சுமார்தான் என்று மட்டும் சொன்னேன்.

திருவொற்றியூரில் வேன் நின்றது. அவர் வீட்டுக்காரர் ஆட்டோவோடு காத்திருந்தார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். கெட்ட மனிதர் இல்லை. அக்கா வேன் படியில் கால் வைப்பதற்குள் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"மெதுவா, மெதுவா. நான்தான் சொன்னம்லா, வேன்ல சொகமா வரலாம்னு."

"நான் வேன்ல வரல. மீஞ்சூர்லேருந்துதான் இதுல ஏறுனோம்."

"ஆமா, ஆமா. சரி, ஆட்டோல ஏறு. சாய்ங்காலம் பார்ட்டி வாரான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு கூச்சம் எங்கே பார்ப்பது? கேமராவை அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"படம் கோணல்தான் அண்ணாச்சி. முகமும் சரியா விழல. என்னைத் திட்டிகினு வராங்க."

அவர் வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். முகத்தைப் பெரிதாக்கினேன். "மூஞ்சி இல்லண்ணே. கீழ, கீழ" என்றார்.

கீழே நகர்த்தினேன். அப்போதுதான் நானே பார்த்தேன். வலது கை என்னைத் திட்டிக்கொண்டு காற்றில் இருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பது இடது கை மட்டும். விரல்கள் மடங்கி, புறங்கை நரம்பு புடைத்து, முழு சைக்கிளையும் அதுதான் தாங்கிக்கொண்டு போகிறது. அக்காவும் எட்டிப் பார்த்தார். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. தன் கையை விரித்து, மூடி, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தக் கைதான்ணே," என்றார் அண்ணாச்சி. "ஆஸ்பத்திரில இதத்தான் நான் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். கட்ட மாதிரி கெடந்திச்சி. ஒரு விரலாவது அசையாதான்னு கெஞ்சிக்கிட்டு கெடந்தேன்."

நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, அவர் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அக்கா, "விடுங்க, ஆளுவ பாக்காவ" என்றாரே தவிர, கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். கேமராவிலேயே பார்த்து, நல்லா இல்லை என்று எதையும் அழித்துவிடாதீர்கள். நமக்குத் தெரிந்தது முகம், லைட், பிரேம். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பது அந்த ஆளோடு வாழ்கிறவருக்குத்தான் தெரியும். மீஞ்சூரில் என் கட்டைவிரல் டெலீட் பட்டன் மேல்தான் இருந்தது. அமுக்காமல் விட்டதற்கு நான் கும்பிடும் சாமிகளுக்கெல்லாம் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். மடியில் வைத்து அமுக்கச் சொன்ன குமாருக்கும், மாட்டேன் என்ற என்னை இழுத்துப் போன தேவிகாவுக்கும், என்னை நம்பி அதைக் கேட்ட அக்காவுக்கும்தான்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஆமா, நான்தான் பேசுதேன். சாய்ங்காலம் வர வேண்டாம். கடை குடுக்கதுக்கில்ல." எதிர்ப்பக்கம் என்னவோ கேட்டார்கள். அண்ணாச்சி அக்காவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "வெலைப் பிரச்சினையெல்லாம் ஒண்ணும் இல்லவே. எங்க வீட்டுல ஒத்தக் கையில சைக்கிள் ஓட்டுதா!"