கடலை அளந்த கந்தோர்க்காரன்

கடல் அளக்கிற உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு: சரக்கு ஒருநாளும் தீராது, தீர்ந்துபோவதெல்லாம் பென்சிலும் கடதாசியும்தான். ஒரு பேனைக்கு மூன்று பிரதியில் விண்ணப்பம் எழுதிக் கைநொந்த அரசாங்க ஊழியர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எண்பத்துநாலு தொடக்கம் பதினொரு வருசம் நான் வடமராட்சிக் கரையில் ஒரு சின்னத் துறையில் கடல்மட்டம் பார்க்கிற அரசாங்கக் கந்தோர்க்காரனாக இருந்தேன். தினமும் காலையில் கடல் எவ்வளவு உயரம், தண்ணீர் எவ்வளவு சூடு என்று எழுதி, மாதக் கடைசியில் கொழும்புக்கு அனுப்பவேண்டும். கடலும் காலநிலையும் மாறுகிற விதத்தை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

உரும்பிராயான் கடலில் இறங்கியது

நான் உரும்பிராய்த் தோட்டக்காரரின் பிள்ளை. எனக்குத் தெரிந்த ஆழத்தண்ணீர் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணறுதான். நேர்முகப் பரீட்சையில் நீந்தத் தெரியுமோ என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள், வெப்பமானியை வாளிக்குள் வைத்துக் கயிற்றில் கட்டி இறங்குதுறையிலிருந்து கடலில் இறக்கினேன். ஓர் அலை வாளியை இழுத்தது. அரசாங்கப் பொருளாயிற்றே என்று கயிற்றை விடாமல் பிடித்தேன். வாளி போன இடத்துக்கு நானும் போனேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர் சூசையண்ணை குதித்து, சேட்டுக் கொலரில் பிடித்து என்னைக் கரையில் போட்டார். நான் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கடலை வெளியிலை நிண்டும் அளக்கலாம்."

அரை அடி

கடல்மட்டம் பார்ப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரு மரச்சட்டம். அடியும் அங்குலமும் எழுதி இறங்குதுறைத் தூணில் அறைந்திருந்தது. உப்புக்காற்றில் இலக்கங்கள் அழிந்துபோக, பெயின்ற் கேட்டு எழுதினேன். ஒன்றரை வருசத்தில் ஒரு ரின் வந்தது. சட்டத்தைக் கழற்றி, மணலில் கிடத்தி, என் கையெழுத்தின் அழகை நானே மெச்சி இலக்கங்களை எழுதி, திரும்ப அறைந்தேன்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பணிப்பாளரே ரயிலேறி வந்துவிட்டார். எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர், நல்லவர். கடல் ஒரே நாளில் அரை அடி உயர்ந்துவிட்டதாம், பிறகு இறங்கவேயில்லையாம்! நான் பெருமையோடு தூணடிக்குக் கூட்டிப்போனேன். அவர் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். பழைய ஆணி ஓட்டைகள் நாலும் அரை அடி மேலே நின்று பல்லிளித்தன. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது, சட்டத்தைத்தான் நான் கீழே இறக்கி அறைந்திருந்தேன். எனக்கு அப்படியே தண்ணீருக்குள் போய்விடலாம்போல இருந்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு கல்லில் குந்தினார்: "ஐசே, கடல் உயருது, புதுக் கருவிக்குக் காசு தாங்கோ எண்டு மேலிடத்துக்கு எழுதிப்போட்டெல்லோ வந்தனான்!"

ரிக் ரிக் பெட்டி

அன்றைக்கே அவர் திருத்தக் கடிதமும் எழுதினார். அது எந்தக் கோப்புக்குள் படுத்துக்கொண்டதோ தெரியாது. முதல் கடிதம் மட்டும் மேசை மேசையாக நடந்து, நாலு வருசத்தில் காசு வாங்கிவிட்டது. என் பதினொரு வருசச் சேவையில் அரசாங்கம் உடன்பட்டுப் பணம் ஒதுக்கியது என்னுடைய அந்தப் பிழைக்கு மட்டும்தான்.

தொண்ணூறின் தொடக்கத்தில், சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த மாதங்களில், கொழும்புக்குப் போய்க் கருவியை எடுத்துவந்தேன். மணிக்கூடு பூட்டிய பெட்டி, கடல் ஏறுவதையும் இறங்குவதையும் தானாகவே கடதாசியில் கீறும். சாவி கொடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன், நிற்பாட்ட மறந்துபோனேன். வவுனியாச் சோதனையில், ரிக் ரிக் என்று சத்தம் வந்த பெட்டியில் ஆமிக்காரன் காதை வைத்தான். மறுகணம் பஸ் முழுவதும் காலி, பெட்டியோடு நான் மட்டும் றோட்டில். "நீயே திற" என்று அவன் தூரத்தில் நின்று கத்தினான். திறப்பை இரண்டு தரம் மாறித் திருப்பி, மூன்றாம் தரம் பெட்டியைத் திறந்தேன். பிறகு, நான் சொன்ன விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, உண்மையாகவே விளங்காமல், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்: "கடல் மேல போறது, கீழ வாறது எல்லாருக்கும் தெரியும். நீ ஏன் எழுதுறது?"

மணமக்களுக்கு வாழ்த்து

ஆறு மாதத்துக்குள் சண்டை திரும்பவும் தொடங்கியது. வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்த பற்றரி, பெற்றோல் வரிசையில் கடதாசியும் அருமையாகிவிட்டது. இறங்குதுறையில் பொருத்திய பெட்டிக்குரிய கடதாசி முடிய, பழையபடி சட்டத்தைப் பார்த்துக் கையால் எழுதினேன். எழுதுவதற்கும் தாள் இல்லை. எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் அச்சகம் வைத்திருந்த என் மச்சான் ஒரு கட்டுக் கலியாண அழைப்பிதழ் தந்தான். கனடா மாப்பிள்ளை அங்கேயே வேறு பெண் பார்த்துவிட்டாராம், கலியாணம் குழம்பிப்போய், அச்சடித்த கூலியோடு அழைப்பிதழும் அவன் தலையில்.

பின்பக்கம் வெறுமையாக, வழுவழுவென்று இருந்தது. ஒரு மாதத்துக்கு ஒரு அட்டை என்று கடல்மட்டத்தை நுணுக்கி எழுதி அனுப்பினேன். தரைப்பாதை மூடியிருந்ததால் அவை கப்பலில் போய், ஐந்து மாதம் கழித்துப் பணிப்பாளரின் பதில் வந்தது: "தரவுகள் கிடைத்தன, நன்றி. மணமக்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்."

சூசையண்ணை கடலுக்குப் போகாத மூன்று நாள்

ஒரு கார்த்திகையில் கடல் இரண்டு நாளாக முக்கால் அடி கூடுதலாக நின்றது. எனக்கு என்னிலேயே நம்பிக்கையில்லை. ஆணிகளைத் தடவிப் பார்த்தேன், இறங்குதுறைப் படிகளை எண்ணினேன், திரும்ப அளந்தேன். சட்டம் நகரவில்லை. வாடைக்காற்றும் ஒரு மாதிரியாக இழுத்தது. "அண்ணை, போகாதேங்கோ" என்றேன். ஆழ்கடலில் மீன்பிடிக்க அரசாங்கம் போட்ட தடையால் கரையோரத்தில் மட்டும் தொழில் செய்து அரைவயிறு சாப்பிட்ட சனம் அது. ஆனாலும் சூசையண்ணை வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டினார், அவரைப் பார்த்து மற்றப் பதின்மூன்று பேரும் கட்டினார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் வெயில் எறித்தது. அவர் மனைவி றோசம்மா என்னைக் கண்டதும் வெறும் பானையைக் கவிழ்த்துக் காட்டினா. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பின்வழியால் வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் விடியப் புயல் அடித்தது. அது ஓய்ந்து நான் போய்ச் சேர்ந்தபோது இறங்குதுறையில் பாதி இல்லை. பெட்டி இல்லை, சட்டமும் தூணோடு போய்விட்டது. நான் வாய்பிளந்து நிற்க, சூசையண்ணை வந்து தோளில் கைபோட்டார். "உங்கடை பெட்டி போயிட்டுது தம்பி. நாங்கள் பதினாலு பேரும் நிக்கிறம்."

விளக்கம்

நடந்ததை அப்படியே எழுதி, ஒரு புதுச் சட்டமாவது தாருங்கள் என்று கேட்டேன். பதினாலு பேரைப் பற்றியும் ஒரு பந்தி எழுதினேன். பணிப்பாளர் அதற்கிடையில் ஓய்வுபெற்றுவிட்டார். புதிதாக வந்தவரின் பதில் ஒரே வரி: "கருவி கடலுக்கு இவ்வளவு அருகில் பொருத்தப்பட்டது ஏன் என்பதற்கு விளக்கம் தரவும்."

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கிவர, ஊரோடு சேர்ந்து நானும் உரும்பிராயை விட்டு நடந்தபோது, எழுதி முடித்த விளக்கம் மூன்று பிரதியில் என் பையில் இருந்தது. இன்றுவரை கடலை நான் சரியாக அளந்தேனோ தெரியாது. ஆனால் ஒரு கடிதம் கொழும்புக்குப் போய்த் திரும்ப எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை என்னைவிடத் துல்லியமாக அளந்தவன் இந்தத் தீவில் இல்லை.